ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார் என்று கேளுங்கள்

கேள்வி: எங்கள் நைனாவுக்கு 67 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாக்கில் புற்றுநோய். ரேடியேஷனும் கீமோவும் முடிந்து ஒரு வருஷம் நன்றாக இருந்தார். இப்போது கழுத்தில் கட்டி வந்து, உடைந்து புண்ணாகிவிட்டது. மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் கஞ்சி கொடுக்கிறோம். "இனி செய்ய ஒன்றுமில்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டி வலி. நான் பகலில் வேலைக்குப் போயாக வேண்டும். அண்ணன் ஒரு ஹாஸ்பிஸ் (கடைசிக் கட்ட நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடம்) பார்த்து வைத்திருக்கிறார். ஏசி அறை, டிவி, மாதம் 40,000 ரூபாய், முன்பணம் 50,000. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்து கொடுப்பீர்களா என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் கொடுத்தா மூச்சு நின்னுடும், நாங்க வேற ஊசி போட்டு சமாளிச்சுப்போம்" என்றார் மேனேஜர். வீட்டுக்கே '24 மணி நேர நர்ஸ்' அனுப்புகிற கம்பெனி ஒன்றும் இருக்கிறது. எது நல்ல இடம், எது பேருக்கு நடத்துகிற இடம் என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில் தருபவர்: வலி தணிப்புச் சிகிச்சைச் செவிலியர்

அன்புச் சகோதரிக்கு,

முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். மேனேஜர் சொன்ன அந்த ஒரு பதிலே போதும். நாக்கிலும் கழுத்திலும் வரும் புற்றுநோய் வலிக்கு மார்பின் இல்லாமல் ஓர் இடம் நடக்கிறது என்றால், அங்கே ஏசி இருந்து என்ன, டிவி இருந்து என்ன? சரியான அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் மார்பினால் மூச்சு நின்றுவிடாது. சொல்லப்போனால், கடைசிக் கட்டத்தில் மூச்சுத் திணறலைத் தணிக்கவே குறைந்த அளவு மார்பின் கொடுக்கிறோம். "வேற ஊசி" என்று அவர் சொல்வது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், ட்ராமடால் வகையாகத்தான் இருக்கும். ட்ராமடாலை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. டைக்ளோஃபெனாக்கைத் தொடர்ந்து போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உங்கள் நைனாவின் வலி அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கும் என்றுதான் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது.

மார்பினைக் கண்டு பயப்படும் வழக்கம் நம் ஊரில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1985-இல் வந்த போதைப் பொருள் சட்டத்தில் மார்பினுக்கு அனுமதிகள், கெடுபிடிகள் அத்தனை. பல ஆஸ்பத்திரிகள் வம்பே வேண்டாம் என்று மார்பின் வைப்பதையே விட்டுவிட்டன. அப்புறம் 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்பின், ஃபென்டனில் போன்றவற்றை அத்தியாவசிய மருந்துகள் என்று தனியே பிரித்து, அவற்றை வைத்துக்கொள்ள மருத்துவ நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் முறை வந்தது. ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "மார்பின் வைத்துக்கொள்ள உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் எங்கிருந்து வாங்கித் தருவீர்கள்? யார் சீட்டு எழுதுவார்?" சின்ன இடங்கள் சில தாங்களே வைத்திருக்காது, ஆனால் அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு செய்திருக்கும். அது தவறில்லை. பதில் இழுபறியாக வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இருக்கிறது என்று சொன்னாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். இடையில் வலி கிளம்பினால் அடுத்த வேளை வரை காத்திருக்காமல் கூடுதலாக ஒரு வேளை தர வேண்டும். கூடவே மலமிளக்கி, முதல் நாளிலிருந்தே. மார்பினால் வரும் குமட்டல் சில நாட்களில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. "வலி வந்தா கேளுங்க, தர்றோம்" என்பது சரியான பதில் இல்லை. வலி வருவதற்கு முன்னால் கொடுப்பதுதான் முறை.

உங்கள் நைனாவின் நிலைமைக்கென்றே மூன்று விஷயங்கள் கேட்கலாம். இவற்றை மேனேஜரிடம் கேட்காதீர்கள், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸிடம் கேளுங்கள்.

ஒன்று, "டியூப் வழியா மாத்திரை எப்படி விடுவீங்க?" எல்லாவற்றையும் இடித்துக் கரைத்து விட்டுவிடுவோம் என்று பதில் வந்தால் கவனம். சாதாரண மார்பின் மாத்திரையை இடித்துக் கரைத்து விடலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மெதுவாக வேலை செய்யும் வகையை இடிக்கவே கூடாது. இடித்தால் அரை நாளில் போக வேண்டிய மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். மேனேஜர் சொன்ன அந்த மூச்சு நிற்கிற கதையெல்லாம் இந்த மாதிரித் தப்பு நடக்கும்போதுதான் வரும். தெரிந்த நர்ஸ் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்டதும் "அது எந்த மாத்திரைன்னு பார்க்கணும்மா" என்பார்.

இரண்டு, புண்ணின் நாற்றம். இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும், கடிதத்தில் நீங்களும் எழுதவில்லை. ஆனால் கழுத்துப் புண் என்றால் நாற்றம் இருக்கும். பேரப்பிள்ளை பக்கத்தில் வர மாட்டேன் என்று ஓடும், அது நைனாவுக்குத் தெரியவும் தெரியும். வலியைவிட அது அதிகமாக அறுக்கும். "நாற்றத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ரூம் ஸ்ப்ரே அடிப்போம், ஊதுபத்தி ஏற்றுவோம் என்று சொல்லும் இடத்துக்கு இந்த வேலை தெரியாது. மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவிக் கட்டுப் போட்டால் இரண்டு மூன்று நாளில் நாற்றம் வெகுவாகக் குறையும். விலை ரொம்பக் குறைவு. ஈ உட்காராமல் மூடி வைக்க வேண்டும், கட்டு ஒட்டிக்கொண்டால் உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே வலி மருந்து கொடுத்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதை நர்ஸ் தானாகவே சொன்னால் அந்த இடத்துக்கு நான் பாதி மார்க் அப்போதே போட்டுவிடுவேன்.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. கழுத்துப் புண்ணிலிருந்து சிலருக்குத் திடீரென்று ரத்தம் வரும். எல்லோருக்கும் வராது. நல்ல குழு இதை முன்கூட்டியே வீட்டாரிடம் மெல்லச் சொல்லி வைக்கும். பக்கத்தில் கருநிற டவல் நாலைந்து வைக்கச் சொல்லும், ரத்தத்தின் சிவப்பு பார்க்கிறவர் கண்ணில் அடிக்காமல் இருப்பதற்காக. அப்படி நேர்ந்தால் நோயாளி பதறாமல் இருக்க என்ன ஊசி, யார் போடுவார், வீட்டில் என்றால் யாருக்கு போன் என்பதெல்லாம் அவர்களிடம் முடிவாகி இருக்கும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று தோளில் தட்டி அனுப்பினால், அது ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் ஏற்பாடு எதுவும் இல்லை என்று அர்த்தம்.

இனி நேரில் போய்ப் பார்ப்பது. காலை பதினோரு மணிக்கு, சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ரிசப்ஷனில் உட்காராமல், அனுமதி கேட்டு வார்டு வரை போங்கள். அங்கே படுத்திருப்பவர்களின் உதட்டைப் பாருங்கள். வெடித்து, காய்ந்து, ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் யாரும் வாயைத் துடைத்துவிடுவதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, அறையின் அந்தக் கோடியில் இருக்கிறதா? யாராவது கூப்பிட்டால் எத்தனை நேரத்தில் ஆள் வருகிறார்? படுக்கைப்புண் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்களா? படுக்கைப்புண் வரவே வராது என்று எந்த நல்ல இடமும் சத்தியம் செய்யாது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிற சார்ட்டு ஒன்று கட்டில் பக்கத்தில் தொங்கும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே விடியற்காலை நான்கு மணி வரை டிக் போட்டு முடித்திருந்த சார்ட்டை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கும் அப்படித்தான் ஒரு குறிப்பு இருக்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை, மருந்து கொடுத்த நேரம், கொடுத்த பிறகு எத்தனையாகக் குறைந்தது என்று மூன்றும் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதை எழுதுகிற இடங்கள் குறைவு. எழுதுகிற இடத்தை விடாதீர்கள்.

ராத்திரியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். வலி, மூச்சுத் திணறல், குழப்பத்தில் எழுந்து டியூபைப் பிடுங்குவது எல்லாம் ராத்திரியில்தான் கூடும். இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அதில் படித்த நர்ஸ் எத்தனை பேர், மார்பின் அலமாரிச் சாவி யாரிடம்? சாவி டாக்டரிடம், டாக்டர் வீட்டில், வீடு வேறு ஊரில் என்றால் அந்த மார்பின் காலையில்தான் வரும். அவர்கள் கொடுக்கும் அவசர நம்பருக்குச் சேர்வதற்கு முன்பே ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்து, "நாளைக்கு வந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். யார் எடுக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். '24 மணி நேர நர்ஸ்' என்று போர்டில் போட்டுவிட்டு, வருவது பல நேரம் சில வாரப் பயிற்சி முடித்த உதவியாளராக இருக்கும். அவர்களில் தங்கமான பிள்ளைகள் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் மார்பின் அளவைக் கூட்டுவதும், தோலுக்கடியில் ஊசி போடுவதும் அவர்கள் வேலை இல்லை. தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். அந்த உதவியாளரை வாரம் எத்தனை முறை ஒரு டாக்டரோ நர்ஸோ வந்து மேற்பார்வை பார்ப்பார் என்றும் கேளுங்கள். வெறும் ஆள் சப்ளை என்றால் சப்ளை என்றே வைத்துக்கொண்டு, சிகிச்சைக்கு வேறு ஏற்பாடு தேடுங்கள்.

நம் வடசென்னைப் பக்கத்துக்கென்று இன்னொரு கேள்வி உண்டு: "எங்கிருந்து வருவீங்க?" கம்பெனியின் ஆபீஸ் தெற்கே அடையாறிலோ வேளச்சேரியிலோ இருந்தால், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தையும் கண்டெய்னர் லாரிகளையும் தாண்டி அவர்கள் எப்போது வந்து சேர்வது? மழை நாளில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால்? ஏற்கெனவே தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் நோயாளிகளைப் பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு வாரத்துக்கான மருந்தும் கட்டுப் பொருளும் கையிருப்பில் வைக்கச் சொல்கிற குழுதான் இந்த ஏரியாவைப் புரிந்துகொண்ட குழு. மாடி வீடு என்றால் அவரை இறக்க எத்தனை ஆள் வேண்டும், சந்துக்குள் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று வந்து பார்த்திருக்க வேண்டும். சளி உறிஞ்சும் மெஷின் வைத்தால் கரண்ட் போகும் நேரத்துக்குக் காலால் மிதிக்கிற வகை ஒன்று கூட இருக்கட்டும்.

காசு வாங்காத இடங்கள் மட்டமாகத்தான் இருக்கும் என்று உங்கள் அண்ணன் நினைக்கலாம். நிறைய பேர் நினைக்கிறார்கள். உங்களுக்கு ரொம்ப தூரம் இல்லாத மாத்தூரில், மணலி பக்கம், ஜீவோதயா என்று ஓர் இல்லம் பல ஆண்டுகளாக முற்றிய புற்றுநோயாளிகளைக் காசு வாங்காமல் வைத்துப் பார்க்கிறது. இடம் இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். அதற்காக அங்கேயும் கேள்வி கேட்காமல் சேர்த்துவிடச் சொல்லவில்லை. மேலே சொன்ன கேள்விகள் எல்லா இடத்துக்கும் பொது. இன்னொன்று, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி தணிப்புச் சேவையும் சேர்த்தி. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைனாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். தினமும் வர மாட்டார்கள். ஆனால் டியூப் மாற்றுவது, கட்டு போடக் கற்றுக்கொடுப்பது போன்றவற்றுக்கு அவர்கள் கை கொடுப்பார்கள்.

பணம் கட்டும் இடம் என்றால் 40,000 ரூபாயில் எது அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். டயப்பர், கையுறை, கட்டுத் துணி, ஆக்சிஜன், டாக்டர் வந்து பார்ப்பது, ஆம்புலன்ஸ் எல்லாம் தனி பில் என்றால் 40,000 என்பது வாடகை மட்டும்தான். ஐந்தாம் நாளே நைனா தவறிவிட்டால் மீதிப் பணமும் முன்பணமும் எத்தனை நாளில் திரும்பும்? கேட்கச் சங்கடமான கேள்விதான். இறுதிக் காலப் பராமரிப்புக்கென்றே இருக்கும் இடத்தில் இதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் அவர்கள் வேலையே அவர்களுக்குப் புரியவில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி வாங்கிய பதிவுச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். அது இல்லாமல் 'ஹாஸ்பிஸ்' என்று போர்டு வைத்திருப்பது முதியோர் இல்லமாகவோ லாட்ஜாகவோ இருக்கலாம்.

அங்கே இருக்கும் டாக்டர் நைனாவிடம் பேசுகிறாரா என்று கவனியுங்கள். அவரால் இப்போது தெளிவாகப் பேச முடியாது என்று நினைக்கிறேன். நாக்கில் நோய் வந்தவர்களை வைத்துக்கொண்டே, அவர் இல்லாதது போல வீட்டாரிடம் பேசுகிற டாக்டர்கள் அதிகம். ஒரு சிலேட்டோ நோட்டோ கொடுத்து "என்ன வேணும், எழுதுங்க" என்று கேட்கிறவர் கிடைத்தால் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. எங்கே இருக்க விரும்புகிறார் என்று நீங்களும் அவரை இன்னும் கேட்கவில்லை போலிருக்கிறது. கடிதத்தில் அண்ணன் சொன்னது இருக்கிறது, மேனேஜர் சொன்னது இருக்கிறது, நைனா சொன்னது இல்லை. கேளுங்கள்.

மூச்சு இழுக்கும் நேரத்தில் ஐசியு, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும் அவர் நினைவோடு இருக்கும்போதே பேசி எழுதி வைத்துவிடலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு எழுதி, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும். "கடைசி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவீர்களா?" என்று ஹாஸ்பிஸிலும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியிலும் கேளுங்கள். ஆமாம், எங்களுக்கு அங்கே டை-அப் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால், அது ஹாஸ்பிஸ் இல்லை, ஐசியுவுக்கு ஆள் பிடிக்கும் வாசல். கடைசி நாட்களில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி வற்புறுத்துவதும் அப்படித்தான். உடம்பு ஏற்காத நேரத்தில் ஏற்றுகிற தண்ணீர் நெஞ்சில் சளியாகச் சேர்ந்து கரகரக்கும், கை கால் வீங்கும்.

வீட்டிலேயே தவறினால் யார் சான்றிதழ் கொடுப்பார் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். ராத்திரியில் இறந்துவிட்டு, காலையில் மூலக்கொத்தளம் மயானத்துக்கோ காசிமேடு மயானத்துக்கோ கொண்டுபோகும் நேரத்தில் ஒரு டாக்டரின் கையெழுத்துக்காகத் தெருத் தெருவாக அலைந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ. தொடர்ந்து பார்த்து வந்த டாக்டர் இறப்புக்கான காரணத்தை உரிய படிவத்தில் எழுதித் தர வேண்டும். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், பென்ஷனுக்கும் அது வேண்டும். "எங்க டாக்டர் வந்து பார்த்து எழுதித் தருவார்" என்று உறுதி சொல்லும் குழுவுக்கு அதற்காகவே மதிப்பு கூட்டலாம்.

சரி, உங்கள் வீட்டுக்கு நான் என்ன சொல்வேன்? நைனா வீட்டில் இருக்க ஆசைப்பட்டால், மார்பின் தரக்கூடிய வலி தணிப்பு டாக்டரையும் வாரத்தில் சில நாள் வரும் நர்ஸையும் பிடித்து, ராத்திரிக்கு மட்டும் ஓர் உதவியாளரை வைத்து ஆரம்பியுங்கள். ராத்திரி முழுவதையும் அம்மா தலையில் போடாதீர்கள். முட்டி வலியோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைத் திருப்பிப் போட அவரால் முடியாது, அவருக்குச் சர்க்கரை ஏறி அவரையும் படுக்க வைத்துவிடும். அதோடு மாத்தூரிலோ வேறு நல்ல இடத்திலோ பெயரைப் பதிந்து வையுங்கள். வலி கட்டுக்குள் வராவிட்டால், புண் பெரிதானால், அம்மா தளர்ந்துவிட்டால், ஒரு வாரம் பத்து நாள் அங்கே சேர்த்துவிட்டு மறுபடி வீட்டுக்குக் கூட்டிவரலாம். கடைசி வரை அங்கேயே இருக்கும்படி ஆனாலும் நீங்கள் அவரைத் தள்ளிவிட்டதாக ஆகாது. அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள், பேசுகிறவர்கள் யாரும் ராத்திரி வந்து கட்டு மாற்றப் போவதில்லை.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட்டு, கடைசி ஸ்கேன், இப்போது கொடுக்கும் மருந்துச் சீட்டு, இவற்றின் ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை எந்த இடத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். அண்ணனையும் கூட அழைத்துப் போங்கள். சார்ட்டை அவரே கையில் எடுத்துப் பார்க்கட்டும்.